சலுகை என்றால் என்ன மனே?

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குத் திக்குமுக்காடல்தான். நிறுவனத் தொடர்பாடல் என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா அதை டெலிகொம் வேலை என்று எடுத்துக்கொண்டு வீட்டு லைன் பழுதானபோது என்னையே திருத்தச் சொன்னார். அதன்பிறகு 'கொம்பனிக்கு எழுதுற வேலை' என்று சுருக்கிக்கொண்டேன். அது பெரிய பொய்யுமில்லை.

தொடங்கியது 2005இல். சுனாமி முடிந்த கையோடு மட்டக்களப்பு டவுனில் வாடகைக்கு விட்ட வீடெல்லாம் என்ஜிஓ கந்தோராக மாறிய காலம், ஆங்கிலத்தில் நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் வீட்டில் சும்மா இருக்க முடியாது. எனக்குக் கிடைத்தது 'சக்ஸஸ் ஸ்டோரி' எழுதுகிற வேலை. உதவி பெற்ற ஆளைப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, அவர் இழந்ததை ஒரு பந்தியிலும் நாங்கள் கொடுத்ததை மூன்று பந்தியிலும் எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நாவலடிப் பக்கம் ஒருவர், தனக்குத் தந்த வள்ளம் இந்தக் கடலுக்குச் சரிவராது, ஏன் சரிவராது என்று மணலில் கோடு கீறி அரை மணி நேரம் விளக்கினார். அதையும் எழுதினேன். அச்சாகி வந்ததில் அந்தப் பந்தி இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவரை, மகிழ்ச்சியில் சிரிக்கிறார் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை, சம்பளம் நல்லாக இருந்தது.

என்ஜிஓக்கள் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போனபிறகு ஒரு நிதி நிறுவனத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கிழக்குக்கான தொடர்பாடல் அலுவலர் என்று விசிட்டிங் கார்ட் அடித்துத் தந்தார்கள். கிளை திறப்பு, புலமைப்பரிசில் வழங்கல், ஊடக அறிக்கை, பேப்பரில் வந்ததை வெட்டி ஒட்டி அளவெடுத்து மாதம் முடிய அனுப்புவது. ஆம், ஸ்கேல் வைத்து அளப்போம். எத்தனை சதுர அங்குலம் வந்தது என்பதுதான் என் கேபிஐ, அதாவது என் வேலையை மதிப்பிடும் அளவுகோல்.

2020 மார்ச்சில் கோவிட் முடக்கம் வந்து கடன் தவணைகளைத் தள்ளிப்போடும் ஏற்பாட்டை மத்திய வங்கி அறிவித்தது. ஆங்கிலத்தில் மொரட்டோரியம். தலைமைக் கந்தோரிலிருந்து இரண்டு பக்க வரைவு வந்தது, இரவுக்குள் தமிழ் வேண்டும் என்று. இந்தத் தொழிலில் எல்லாத் தமிழும் இரவுக்குள்தான் வேண்டும். மொரட்டோரியம் என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தேன். 'கடன் இடைநிறுத்தம்' என்றால் கடனே கொடுக்க மாட்டார்கள் என்று பயப்படுவார்கள். 'தவணை ஒத்திவைப்பு' கோர்ட் பாஷை மாதிரிப் பட்டது. கடைசியில் 'சலுகைக் காலம்' என்று போட்டேன். வட்டி தொடர்ந்து சேரும் என்ற விஷயம் வரைவிலேயே ஏழாவது வரியில், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்பதற்குள் ஒளிந்துகொண்டிருந்தது. நானும் அதை அப்படியே ஒளித்துத் தமிழாக்கினேன். முகாமையாளர், பிரமாதம், இனிமையான தமிழ் என்று வட்ஸ்அப்பில் பாராட்டினார்.

ஊரடங்கு தளர்ந்து கிழமைக் காசு (குழுவாகச் சேர்ந்து எடுத்த கடனுக்குக் கிழமைக்குக் கிழமை கட்டும் தவணை) திரும்பச் சேர்க்கத் தொடங்கியதும் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து முறைப்பாடு வரத் தொடங்கியது. போய்ப் பார்க்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை, அது களப் பிரிவின் வேலை. நானாகத்தான் ஒரு காலையில் குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றினேன். (வெளியூர் ஆட்களுக்கு: எங்களுக்குப் பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை.) அக்கரை மண்டூர். அங்கிருந்து உள்ளே ஒரு கிராமத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடியிருந்தார்கள். அதில் வயதில் மூத்தவர், நான் எழுதிய துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்துக் கடன் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தார். மடித்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது, 'சலுகை' மட்டும் தடித்த எழுத்தில் நன்றாகத் தெரிந்தது.

"சலுகையெண்டா என்ன மனே? கடையில சலுகையெண்டாக் குறைச்சுத்தானே தாற. நீங்க என்னெண்டு கூட்டிக் கேக்கிறீங்க?"

அவர் சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்தப் பன்னிரண்டு கிழமைக் காசு கழிந்துவிட்டது என்று நம்பி, கையிலிருந்த பணத்தில் கூரைக்குத் தகரம் வாங்கிப் போட்டிருக்கிறார். புதுத் தகரம் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அதை எழுதியவன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லவுமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

அன்றிரவே திருத்திய வாசகம் எழுதி அனுப்பினேன். மூன்று வரிதான்: இத்தனை கிழமைக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் வட்டி நிற்காது, கடைசியில் இவ்வளவு கூடக் கட்ட வரும். அது சட்டப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து சந்தைப்படுத்தலுக்குப் போய், 'எதிர்மறையான தொனி' என்ற குறிப்போடு பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் சேர்க்கவேண்டியதைச் சேர்த்துவிட்டார்கள். அந்த மாதமும் என் கேபிஐ நூற்றுக்கு நூறு.

அடுத்த வருடம் வேலையை விட்டேன். இந்த ஒரு சம்பவத்தால் என்று சொன்னால் நாடகம். முதுமாணி முடித்திருந்தேன், படிப்பிக்கலாம் என்று ஓர் ஆசை. நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத்தில் ஆய்வுக் கட்டுரை எத்தனை என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பதினைந்து வருட அனுபவத்துக்குப் புள்ளித் திட்டத்தில் இருந்த இடம் சின்னது, அதைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் அளப்பது அவர்களுடைய ஸ்கேலால். ஆனால் பாதையில் ஏறி அக்கரைக்குப் போய்க் கேட்டு வந்ததை எழுத கொம்பனிப் படிவத்திலும் கட்டம் இல்லை, பல்கலைக்கழகப் படிவத்திலும் கட்டம் இல்லை. சரி, மணித்தியாலக் கணக்கில் வருகைதரு விரிவுரையாளராகப் போகிறேன்.

பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டம்தான். 1906இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் பாலத்திலிருந்து ரயில் தண்ணீருக்குள் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, மூடி மறைப்பதற்குப் பதிலாக ரயில் கொம்பனிக்குத் தொடர்பாடல் வேலை பார்த்த ஐவி லீ பத்திரிகைக்காரர்களை அந்த இடத்துக்கே கூப்பிட்டு அறிக்கை கொடுத்தது. நிறுவனங்கள் மக்களோடு பேசுகிற விதத்தை 1984இல் குரூனிக், ஹன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரித்த நான்கு மாதிரிகள். அதில் கடைசி இரண்டும் இருவழி. ஒன்றில் நிறுவனம் மக்களிடம் கேட்கும், ஆனால் அவர்களை இன்னும் நன்றாக வளைக்கத்தான். மற்றதில் கேட்டபிறகு தானும் மாறத் தயாராக இருக்கும். இருவழிச் சமச்சீர் மாதிரி என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினோரு நாள்தான் ஞாபகம் வரும்.

போன கல்வியாண்டில் ஒப்படைக்கு அந்தத் துண்டுப்பிரசுரத்தையே கொடுத்தேன். கொம்பனிப் பெயரை வெட்டிவிட்டு, இதைத் திருத்தி எழுதுங்கள் என்று. ரயில் கதைக்குக் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது குழுக்கடன் எடுத்திருக்கிறார்கள். வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று 'சலுகை'யைச் சிவப்பால் வெட்டிவிட்டு மேலே 'தவணை' (பிறகு கட்டத் தரும் அவகாசம்) என்று எழுதி, பக்கத்தில் ரூபாய்க் கணக்கே போட்டுக் காட்டியிருந்தது. என்னுடைய மூன்று வரியைவிட நல்லாக இருந்தது. இதை எழுதியவர் யார் சேர் என்று ஒருவன் கேட்டான். இந்த முறை சொன்னேன்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சேர், அந்த வேல இப்ப காலியா இருக்கா?"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமானது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன், உண்மையாகவே விசாரித்தேன். மட்டக்களப்பில் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்களாம். கொழும்பிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்கள்.