இந்த மலை யார் பேரில் பட்டா?

சியாட்டில் பக்கம் மலை ஏறக் கிளம்புகிறவர்களுக்குக் காலில் தெம்பு அப்புறம்தான் வேண்டும். முதலில் தெரிய வேண்டியது அந்த மலை யாருடைய நிலம் என்பது. அது தெரியாமல் போய் வண்டியை நிறுத்தினால், நாலு மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து இறங்கி வரும்போது வைப்பருக்கு அடியில் ஒரு காகிதம் காத்துக்கொண்டிருக்கும்.

ஐ-90 சாலையில் கிழக்கே போனால் நார்த் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர், சுற்றிலும் மலை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், ஃபர் மரமும் ஈரமும் பாசியும். ஆனால் மவுண்ட் சை மாநில அரசின் இயற்கை வளத்துறைக்குச் சொந்தம், அங்கே வண்டியை நிறுத்த மாநில அரசின் அனுமதிச் சீட்டான டிஸ்கவர் பாஸ் வேண்டும். கொஞ்சம் தள்ளி இருக்கிற ராட்டில்ஸ்னேக் லெட்ஜ் சியாட்டில் மாநகராட்சியின் குடிநீர்ப் பிடிப்புப் பகுதி, அங்கே எந்தப் பாஸும் வேண்டாம், அதனாலேயே சனிக்கிழமை காலையில் நிறுத்த இடமும் கிடைக்காது. மிடில் ஃபோர்க் சாலைதான் இதில் உச்சம். அந்தச் சாலையில் நுழைந்ததும் வரும் மெயில்பாக்ஸ் பீக்குக்கு டிஸ்கவர் பாஸ். அதே சாலையில் இன்னும் உள்ளே போனால் தேசிய வனம் வந்துவிடும், இப்போது கண்ணாடியில் மத்திய அரசின் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் தொங்க வேண்டும். நடுவில் வேலி, வாய்க்கால், வரப்பு எதுவும் கிடையாது. மரங்களுக்கும் தெரியாது, தாங்கள் மாநில அரசா மத்திய அரசா என்று.

கணக்கு இப்படி. நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் ஒரு நாளைக்கு 5 டாலர், வருடத்துக்கு 30. டிஸ்கவர் பாஸ் ஒரு நாளைக்கு 10 டாலர், வருடத்துக்கு 30 ஆக இருந்தது 2025 அக்டோபரிலிருந்து 45 ஆகிவிட்டது. இது தவிர இந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு 80 டாலருக்கு 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' பாஸ் ஒன்று உண்டு, தேசியப் பூங்கா, தேசிய வனம் எல்லாவற்றுக்கும் செல்லும், மாநில அரசின் வாகன நிறுத்துமிடத்தில் மட்டும் அதற்கு மதிப்பே இல்லை. பனிக்காலம் வந்தால் ஸ்னோ-பார்க் என்று தனியாக ஒன்று. எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய காரில் இத்தனையும் இருக்கும், எதிரே வருகிற வண்டி தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்த 80 டாலர் பாஸைப் பற்றி நம் மக்களுக்கு ஒரு உபயோகமான தகவல்: எந்த மாதம் வாங்குகிறோமோ, அடுத்த வருடம் அதே மாதத்தின் கடைசி நாள் வரைக்கும் அது செல்லும். அதனால் மாதக் கடைசியில் வாங்குகிறவர் ஏமாளி, ஒன்றாம் தேதி வாங்குகிறவர் கிட்டத்தட்ட பதின்மூன்று மாதம் ஓட்டலாம். சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவிலும் ரெட்மண்டிலும் இதைத் தெரியாத தமிழர் இருந்தால் அவர் ஊருக்குப் புதியவர் என்று அர்த்தம்.

இதையெல்லாம் எழுதக் காரணம் என் மாமனார். போன கோடையில் மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா திருவாரூர் பக்கம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் மற்ற அப்பாக்கள் எல்லாம் காஸ்ட்கோவையும் ஸ்பேஸ் நீடிலையும் பார்த்து வாய் பிளப்பார்கள், இவர் வாய் பிளந்தது டிரெயில்ஹெட், அதாவது மலைப்பாதை தொடங்கும் இடத்துப் பாஸ் விவகாரத்தில். அதுவரைக்கும் "இங்கே பொழுதே போகல மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஒரே மலைத்தொடருக்கு நாலு விதமான பாஸ் என்று கேள்விப்பட்டதும் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப நாம போற மலை யார் பேர்ல இருக்கு?"

"மத்திய அரசு மாமா."

"எந்த டிபார்ட்மென்ட்டு?"

"விவசாயத்துறை."

இது உண்மைதான். அமெரிக்கத் தேசிய வனங்களைப் பார்க்கிற வன சேவை விவசாயத்துறைக்குக் கீழேதான் வருகிறது, தேசியப் பூங்காக்கள் வேறு துறை. மாமா முகம் சுருங்கிவிட்டது. காடு எப்படி விவசாயத்துறைக்குப் போகும் என்றார். 1905-லேயே மாற்றிவிட்டார்கள் என்றேன். 1905 என்றதும் கொஞ்சம் சமாதானம் ஆனார், பழைய ரிக்கார்டு என்றால் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஆனாலும் "அதுக்கு ஜி.ஓ. இருக்கும்ல?" என்று கேட்காமல் விடவில்லை.

அடுத்த கேள்வி, மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்பது. உண்டு, 62 வயதானவர்களுக்கு வருடத்துக்கு 20 டாலர், 80 டாலர் கட்டினால் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரமாகக் குடியேறியவராகவோ இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்த தாசில்தாருக்குக் கிடையாது. "ரயில்ல குடுத்துட்டிருந்ததையும் 2020-ல எடுத்துட்டாங்க, இங்கேயும் இல்லையா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைச் சமாதானப்படுத்தத்தான் வண்டி ஓட்டிக்கொண்டே இந்தக் கட்டணத்துக்கான சட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். 2004-ல் வந்த ஒரு சட்டப்படி, தேசிய வனத்தில் இந்த மாதிரி இடங்களில் கட்டணம் வாங்க வேண்டுமென்றால் ஆறு வசதிகள் இருந்தாக வேண்டும்: ஒழுங்கான வாகன நிறுத்துமிடம், நிரந்தரக் கழிப்பறை, நிரந்தரக் குப்பைத் தொட்டி, தகவல் பலகை, உட்கார்ந்து சாப்பிட மேசை, பாதுகாப்பு ஏற்பாடு. ஆறும் வேண்டும், ஐந்து போதாது. அதோடு, வண்டியை நிறுத்திவிட்டு இந்த வசதி எதையும் தொடாமல் நேராகக் காட்டுக்குள் நடந்து போகிறவரிடம் காசு கேட்கக் கூடாது. அரிசோனாவில் மவுண்ட் லெமன் மலைக்குப் போகிற சிலர் இதை வைத்தே வழக்குப் போட்டு 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். வாங்குகிற காசில் பொதுவாகக் குறைந்தது 80 சதவீதம் வசூலான பகுதிக்கே செலவாக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டதும் மாமா பின் இருக்கையில் இருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா, 80 பர்சென்ட்டு" என்றார். அத்தைக்கு அப்போது தூக்கம்.

டிரெயில்ஹெட் பெயரைச் சொல்லப் போவதில்லை, வேண்டாத வம்பு. இரண்டு கார்களில் போயிருந்தோம், பின்னால் என் நண்பன் குடும்பம். ஒரு பாஸுக்கு ஒரு வண்டிதான். என் காரில் வருடப் பாஸ் தொங்கியது, நண்பன் வாடகை வண்டியில் வந்ததால் அவன் அன்றைக்கு மட்டும் 5 டாலர் கட்ட வேண்டும். பலகையில் ஸ்கேன் செய்து கட்டும் வசதி இருந்தது. சிக்னல்தான் இல்லை. நண்பன் போனை உயரத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தை ஒரு பிரதட்சிணம் வந்தான், ஒரு கோடு கூட வரவில்லை.

மிச்சம் இருந்த வழி அந்த இரும்புக் குழாய். தரையில் நட்ட ஒரு தடிமனான குழாய், மேலே மூடி, நடுவில் மெல்லிய பிளவு, பக்கத்தில் உறைகள் அடுக்கிய பெட்டி. உறைக்குள் காசைப் போட்டு ஒட்டி, பிளவில் தள்ளிவிட வேண்டும். "உண்டியல்" என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்தார். உண்டியலில் போட்டால் சில்லறை திரும்பி வராது என்பதுதான் சிக்கல். என்னிடம் இருந்தது ஒரே ஒரு இருபது டாலர் நோட்டு, நண்பனிடம் பத்து விதமான பணப் பரிமாற்றச் செயலி. மலையிலிருந்து இறங்கி வந்த ஓரிருவரிடம் இருபதுக்குச் சில்லறை கேட்டுப் பார்த்தோம், எல்லோரும் பாக்கெட்டைத் தட்டிக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். இந்த நாட்டில் காகிதக் காசு கடைசியாகப் புழங்குவது காட்டுக்குள்தான், அதைக் கொண்டு வருகிறவர்தான் யாரும் இல்லை.

அப்போதுதான் அத்தை விழித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கி, கைப்பையைத் திறந்து ஒரு மொய்க் கவரை எடுத்தார். உள்ளே முழுக்க ஒற்றை டாலர் நோட்டு. நம்மவர்கள் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் 51, 101 என்றுதானே வைக்க வேண்டும், அந்தக் கடைசி ஒன்றுக்காக வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறார். மனைவிக்கே அது தெரியாது. எண்ணி ஐந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போனதும் ஒத்தை நோட்டாவே திருப்பிக் குடுத்துடணும்" என்று நண்பனிடம் கறாராகச் சொன்னார்.

காசு கிடைத்தது, பேனா இல்லை. உறையில் தேதி, வண்டி எண், மாநிலம், எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று எழுத வேண்டும். நண்பன் மனைவியின் கண் மை பென்சில் உதவிக்கு வந்தது. மாமா யாரையும் எழுத விடவில்லை, கார் பானெட்டில் உறையை வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கறுகறுவென்று பெரிய எழுத்தில் அவரே நிரப்பினார். தொகைக்கு நேரே எண்ணில் எழுதியதோடு விடாமல், "ஃபைவ் டாலர்ஸ் ஒன்லி" என்று ஆங்கிலத்தில் எழுதி, யாரும் பின்னால் எதையும் சேர்க்க முடியாதபடி ஒரு கோடும் இழுத்தார். பிறகு துண்டுச் சீட்டைக் கிழித்து வண்டிக்குள் முன்கண்ணாடி ஓரம் வைக்க வேண்டும் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பணத்தையும் நாமே போட்டு, ரசீதையும் நாமே கிழிச்சுக்கணுமா? சீல் இல்ல, இனிஷியல் இல்ல, இத வச்சு நாளைக்கு ஆடிட்ல என்னத்தக் காட்டுவான்?"

நாங்கள் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றோம். மாமா கிளம்பவில்லை. ஆறு வசதியும் இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படிக் கிளம்புவது?

ஸ்தல ஆய்வு ஆரம்பமானது. வாகன நிறுத்துமிடம் இருந்தது, சரளைக்கல், நாலு பள்ளம், "பரவால்ல" என்று பாஸ் பண்ணினார். கழிப்பறைக்கு அத்தையை அனுப்பினார். அத்தை போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து, இருக்கிறது என்று மட்டும் சொன்னார். தகவல் பலகையை மாமா வரி விடாமல் படித்தார். மலைச் சிங்கம் எதிரே வந்தால் ஓடக் கூடாது, கையை விரித்துப் பெரிய ஆளாகக் காட்ட வேண்டும் என்று அதில் போட்டிருந்ததை நண்பனின் குழந்தைகளுக்குச் செய்து வேறு காட்டினார். பாதுகாப்பு ஏற்பாடு எங்கே என்றார். ரேஞ்சர் ரோந்து வருவார் என்றேன். அவர் காலடியைக் காட்டினார். சரளைக்கல்லுக்கு நடுவே பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது யாரோ ஒருவருடைய கார் ஜன்னல், பொடிப் பொடியாக. டிரெயில்ஹெட்டில் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குவது இங்கே சகஜம். "ரோந்து போன பிற்பாடு வர்றான் போல" என்றார் மாமா.

குப்பைத் தொட்டியில்தான் ஆய்வு நின்றுபோனது. இரும்புப் பெட்டி, முன்பக்கம் ஒரு மூடி, கைப்பிடி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா இழுத்தார், தள்ளினார், தட்டினார், பக்கவாட்டில் தடவினார். கரடி திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த பூட்டு அது. ஒரு தகட்டுக்கு உள்ளே கையை மேல்நோக்கி நுழைத்து, மறைந்திருக்கிற நெம்புகோலை அழுத்த வேண்டும். முப்பது வருடம் வருவாய்த்துறையில் எத்தனையோ பீரோவைத் திறந்தவருக்கு அது திறக்கவில்லை. நண்பனின் ஆறு வயது மகள் வந்து கையை விட்டு 'டக்'கென்று திறந்தாள். மாமா உள்ளே எட்டிப் பார்த்து, "தொட்டி இருக்கு, உபயோகத்துல இருக்கு" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அதற்குள் அத்தை மர மேசையில் துண்டை விரித்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். சாப்பிட்டு, கை கழுவி, இலையைத் தொட்டியில் போட்டாயிற்று. இனி ஏறலாம் மாமா, ஏரி வரைக்கும் போனால் பிரமாதமாக இருக்கும் என்றேன். அவர் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"மாப்பிள்ளை, நீங்க சொன்ன சட்டப்படி நடக்கறதுக்குக் காசு கெடையாதுல்ல?"

"கெடையாது மாமா."

"காசு இந்த மேசைக்கும் பலகைக்கும்தான?"

"ஆமா."

"அப்ப காசு கட்டின இடத்துல நான் உக்காந்துக்கறேன். ஓசில கெடைக்கறதுக்கு நீங்க போயிட்டு வாங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை. நாங்கள் ஏறிவிட்டு வந்தோம். ஏரி நன்றாக இருந்தது, கொசுவும் நன்றாக இருந்தது.

இறங்கி வந்தபோது மாமா மேசையில் இல்லை, பலகைக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எதிரே ஒரு இளம் ஜோடி, காரில் டிஸ்கவர் பாஸ் தொங்குகிறது. அது மாநில அரசுப் பாஸ், இது மத்திய அரசு நிலம், இங்கே செல்லாது, அந்தப் பக்கம் போனால் மெயில்பாக்ஸ் என்று ஒரு மலை இருக்கிறது, அங்கே செல்லும் என்று அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "தேங்க் யூ, சார்" என்று சொல்லி உண்டியல் பக்கம் போனான். போனவன் அங்கிருந்து நேராக அத்தையிடம் வந்து இருபது டாலர் நோட்டை நீட்டினான். அதற்குள் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, சில்லறை எங்கே கிடைக்கும் என்று.

திரும்பி வரும் வழியில் அத்தை மொய்க் கவரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே முழுக்க பெரிய நோட்டு, ஒற்றை டாலர் ஒன்றுகூட மிச்சமில்லை.

"சாயங்காலம் ஒரு கிரகப்பிரவேசம் இருக்கேடி, ஞாயித்துக்கிழமை பேங்க் திறந்திருக்குமா?" என்றார் என் மனைவியிடம்.