பதினைந்து வெள்ளி மான்கொம்பு

"காஞ்சதையெல்லாம் பிச்சுப் போட்டுட்டேன். இப்ப வந்து பாரு, எவ்ளோ சுத்தமா இருக்குன்னு!"

அம்மா கூப்பிட்டபோது நான் அடுப்படியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டியோடு ஓடினேன். ஹால் சுவரில் இருந்த மான்கொம்புச் செடி பலகையோடு தரையில் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் பழைய பேப்பர்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு குவியல், நொறுங்கின அப்பளம் மாதிரி.

இது பெரணி வகை. மண் வேண்டாம், காட்டில் மரத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வளரும், ஆனால் மரத்தை உறிஞ்சாது. மான்கொம்பு மாதிரி கிளைத்துத் தொங்குவது ஒரு வகை இலை. அடியில் கேடயம்போலப் பலகையைக் கவ்வியிருப்பது இன்னொரு வகை. அந்தக் கேடய இலை முதலில் பச்சையாக இருக்கும், அப்புறம் பழுப்பாகிக் காய்ந்துவிடும். காய்ந்தாலும் அதற்கு வேலை உண்டு: வேரை மூடிக் காக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேலிருந்து விழும் சருகை வாங்கிச் செடிக்கு உரமாக்கும். அதைப் பிய்க்கவே கூடாது. வாங்கிவந்த அன்றே இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். வானிலை அறிக்கையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

"மலாய்ல இதுக்கு பாக்கு தண்டோக் ரூசான்னு பேரும்மா" என்றேன்.

"பாக்கா? அப்ப வெத்தலை எங்க?"

அதோடு பாடம் முடிந்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில். அம்மா பக்கத்துத் தோட்டத்தில் 31 வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை (பாமாயில் மரம்). மரத்தில் சும்மா வளரும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் மாட்டுவது, அவர் கணக்கில் புத்தி பேதலித்தவர் செய்கிற வேலை. அதனால்தான் விலை கேட்டபோது 15 வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லிவிட்டேன். உண்மை விலை 65. அதுவும் ஈப்போ போகிற வழியில் ஒரு நர்சரியில் அரைமணி நேரம் பேரம் பேசிய பிறகு. இந்தப் பொய்க்கு அப்புறம் வருவோம்.

"இலையெல்லாம் ஒரே தூசிடி. தொடைக்கத் தொடைக்க வருது" என்றார் அடுத்து. எனக்கு நெஞ்சு அடைத்தது. அது தூசி இல்லை, பூனைமுடி. வெயிலைத் தடுத்து, இலையின் ஈரம் பறந்துபோகாமல் காப்பதே அந்த வெள்ளைப் பூனைமுடிதான். ஒரு மாதமாக நான் வேலைக்குக் கிளம்பியதும் அம்மா ஈரத்துணியால் அதை வழித்து எடுத்திருக்கிறார். சாயங்காலம் நான் வந்து, "இலை என்னமா பளபளக்குது, நல்லாப் பிடிச்சிக்கிச்சு" என்று பூரித்திருக்கிறேன்.

நானும் யோக்கியம் இல்லை. சோபாவுக்கு மேலே அழகாக இருக்கும் என்று ஏர்கோனுக்கு நேர் கீழே மாட்டியவள் நான்தான். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் ஸ்ப்ரே பாட்டிலால் புஸ் புஸ்ஸென்று நான்கு தடவை அடித்துவிட்டுப் போவேன். வேரைச் சுற்றியிருந்த பாசி மொறுமொறுவென்று காய்ந்து, கொம்பு நுனியெல்லாம் கருகியது. பயந்துபோய் அடுத்த இரண்டு வாரம் தினமும் வாளியில் முக்கி எடுத்தேன். அடிப்பக்கம் கறுத்துக் கொழகொழத்தது.

அன்றைக்குத்தான் அம்மா பலகையை ஒரு கையால் தூக்கி லேசாக ஆட்டினார்.

"ஏன்டி இது இந்தக் கனம் கனக்குது? தண்ணி வேணுமா வேணாமான்னு தூக்கிப் பாத்தா தெரியாது?"

தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் பால்வாளி சுமந்த ஆள். தோட்டத்துக் கணக்கரான கிராணி நிறுக்கும் முன்பே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாராம். (அம்மாவே சொன்னது, சாட்சி கிடையாது.)

கேடயத்தைப் பிய்த்ததில் செடியைக் கட்டியிருந்த தூண்டில் நரம்பும் அறுந்திருந்தது. நல்லவேளை, மேல் அடுக்கு மட்டும்தான் போயிருந்தது. அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே வளையம் வளையமாக மங்குக் கம்பி. பால்மரத்தைச் சுற்றிக் கட்டி, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் தாங்க வைக்கிற அதே கம்பி. இத்தனை வருஷமாக இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றால், "எதுக்காவது ஆகும்."

கம்பியை நீவி நிமிர்த்தினார். கட்டும் முன் விரலால் செடியின் நடுவைத் தடவி, "குருத்து எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பூனைமுடி போர்த்திய ஒரு மொட்டு. புது இலையெல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும். அது நசுங்கினால் செடி முடிந்தது. கம்பியை இரண்டு விரல் தள்ளிக் கொடுத்து, இலைக்கும் கம்பிக்கும் நடுவில் பழைய கைலித் துண்டைச் செருகி, பலகைக்குப் பின்னால் முறுக்கினார். செடியை விற்றவர்கூட என்னிடம் குருத்தைப் பற்றிப் பேசியதில்லை.

அன்றிலிருந்து தண்ணீர் இலாகா அம்மாவிடம். தூக்கிப் பார்ப்பார். பலகை லேசானால் பேசினில் 20 நிமிடம் ஊறும், குளியலறையில் சொட்டி வடியும், காலை வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் திரும்பப் போய்த் தொங்கும். இப்போது புதுக் கேடயம் ஒன்று மங்குக் கம்பியின்மேலேயே பச்சையாகப் படர்ந்து வருகிறது.

செடிமேல் கொஞ்சம் மரியாதை வரட்டும் என்று ஒரு நாள் ரிட்லி கதையை எடுத்தேன். ஹென்றி ரிட்லி 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்குத் தலைவராக வந்தவர். ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று தோட்டத்துரைகளைத் துரத்தித் துரத்திச் சொல்லி 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியவர். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நம் நாட்டுக் காட்டில் வளரும் ஒரு மான்கொம்புப் பெரணிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது அது இல்லை, ஆஸ்திரேலியாக்காரி, ஒன்றுவிட்ட உறவு.

"இரு இரு. அந்த ஆளா பால்மரத்தை நடச் சொன்னது?"

"ஆமாம்மா."

"வெட்டுறதும் அவன்தான் சொல்லிக் குடுத்தானா?"

"ஆமா. நூறு வயசு தாண்டி, 1956லதான் செத்தாராம்."

"ஏன் இருக்க மாட்டான்? நாலு மணிக்கு எழுந்து பெரட்டுல பேர் குடுக்க ஓடினது நான்ல!"

ரிட்லிக்கு மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் செடிக்கு எப்படியோ கிடைத்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்த அம்மா, ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுச் சுருளை என் கையில் வைத்தார். 45 வெள்ளி.

"மூணு பேரு கேட்டாங்க. பதினஞ்சு வெள்ளிதானே, என் மக வாங்கியாருவான்னு சொல்லிட்டேன். நல்ல குருத்தா பாத்து எடு."

மூன்று செடி 195 வெள்ளி. என் வீட்டுக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டி, "பேசாம உண்மையைச் சொல்லிடு" என்றார். "நீங்க சொல்லுங்க" என்றேன். உடனே அவருக்குக் கார் கழுவும் வேலை வந்துவிட்டது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நர்சரியில வெலை ஏத்திட்டாங்க."

"எவ்ளோ?"

65 என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பதினெட்டு."

"மூணு வெள்ளியா ஏத்திட்டான்? பகல் கொள்ளையால்ல இருக்கு! ஒரு மண்ணும் வேணாம், குடு அந்தக் காசை. அவங்கவங்க காசைத் திருப்பிக் குடுத்துடுறேன்."