பூட்டில்லாத கைபேசியும் பேண்டுக் கணக்கும்

சென்னையில் வாங்கிய, எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாத கைபேசியில் அமெரிக்க ப்ரீபெய்டு சிம்மைப் போட்டபோது, தெருவில் ஓரளவு ஓடிய இணையம் வீட்டுக்குள் நுழைந்ததும் தவழத் தொடங்கியது. குறையைச் சேவை நிறுவனத்தின் மீதே முதலில் சுமத்தினேன். அது என் அவசரம். பூட்டில்லை என்றால் எந்த சிம்மையும் கைபேசி ஏற்கும் என்பது மட்டுமே பொருள். அந்த நிறுவனத்தின் அலைவரிசைகள் அதற்கு எட்டுமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்கச் சேவை நிறுவனமான டி-மொபைல், சுவர்களை நன்றாக ஊடுருவும் 600 மெகாஹெர்ட்ஸ் அலைகளை 71ஆம் பேண்டில் (பேண்டு என்பது எண்ணிட்டுப் பிரித்த அலைவரிசைத் தொகுதி) அனுப்புகிறது. இந்தியாவில் 2022 ஏலத்தில் அந்த அலைவரிசையை வாங்க எவரும் முன்வரவில்லை. ஆகவே இந்தியச் சந்தைக்கான பல மாடல்களில் அந்த பேண்டு இருப்பதில்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் இல்லாத பேண்டு வந்துவிடாது.

மாற்றக்கூடியவை இரண்டு. புதிய சிம்முக்குரிய ஏபிஎன் (கைபேசியை நிறுவனத்தின் இணையத்தோடு இணைக்கும் அமைப்பு விவரம்) தானாகப் பதியாவிட்டால் கையால் இட வேண்டும். கைபேசி அமைப்புகளில் விருப்ப நெட்வொர்க் 5ஜிக்குப் போகாமல் 4ஜியில் நின்றுவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். (நான் இதை மூன்றாம் நாளில்தான் பார்த்தேன்.)

மலிவான ப்ரீபெய்டு திட்டங்கள் பலவற்றில், கோபுரம் நெரிசலாகும்போது நமது தரவு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும். மாலையில் மட்டும் வேகம் குறைந்தால், கைபேசியை நோவதில் பயனில்லை. திட்டத்தையே மாற்ற வேண்டும்.