பதினான்கு சைபர்களும் பாதி அதிகாரமும்

நண்பர் ஒருவர் தந்த ஜிம்பாப்வே நோட்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் பதினான்கு சைபர்கள். மகள் எண்ணி முடிப்பதற்குள் இரண்டு முறை தப்புவிட்டாள். நோட்டின் படத்தில் மூன்று பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, இப்போது விழுமோ பிறகு விழுமோ என்று நிற்கின்றன.

விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிய 2009 ஜனவரியில் வந்த நோட்டு அது. அடுத்த மாதமே அதிபர் முகாபேயும் எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராயும் கூட்டணி ஆட்சி அமைத்தார்கள். 2008 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அதிக வாக்கு வாங்கியவர் ஸ்வாங்கிராய். கிடைத்ததோ பிரதமர் பதவி. ராணுவமும் உளவுத்துறையும் முகாபே கையிலேயே இருந்தன. உள்துறைக்கு மட்டும் கட்சிக்கு ஒருவராக இரண்டு அமைச்சர்கள்! ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார்கள் போல.

அமைச்சர்கள் பதவியேற்ற அன்றே, வேளாண் துணை அமைச்சராக வேண்டிய ஸ்வாங்கிராய் கட்சிக்காரர் ராய் பென்னட்டைப் பிடித்துப் போனார்கள். 2010இல் நீதிமன்றம் விடுவித்தது. அப்போதும் முகாபே அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. பிரதமரால் என்ன செய்ய முடிந்தது? 2009 அக்டோபரில் சில வாரம் அமைச்சரவைக்குப் போகாமல் இருந்தார், பிறகு திரும்பினார்.

ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க டாலர் புழக்கத்துக்கு வந்து விலைவாசி அடங்கியது, கடைகளில் மறுபடி பொருள்கள் நிறைந்தன. கஜானா மட்டும் தேறவில்லை. 2013 ஜனவரியில் ஊழியர் சம்பளம் போக அரசுக் கணக்கில் மிச்சம் 217 டாலர் என்றார் நிதி அமைச்சர் டெண்டாய் பிட்டி.

அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் 61 சதவீத வாக்கு தனக்கே என்று முகாபே மறுபடி அதிபராக வந்தார். புதிய அரசியலமைப்பில் பிரதமர் பதவியே இல்லை.