லிந்தாங்கா, திங்காட்டா? 999 அழைப்பில் நாங்கள் இழந்த இருபது நிமிடம்

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, வலது கை மேலே வரவில்லை. பார்த்ததும் அவர் பேரன் மலேசியாவின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழுத்திவிட்டான். அதில் தாமதமே இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ் பினாங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து நிற்பதற்குள் இருபது நிமிடம் வீணானது. எங்கே போனது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பாதி முகவரியில் போனது, மீதி பிஸியாக இருந்த கைப்பேசியிலும் குறுக்கே நின்ற காரிலும் போனது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் அழைத்த அரை நிமிடத்திலேயே நடந்தது. 999-ஐ எடுப்பவர் ஆம்புலன்ஸ்காரர் இல்லை. போலீசா, பொம்பாவா (தீயணைப்புப் படையா), ஆம்புலன்ஸா என்று கேட்டு உரிய இடத்துக்கு லைனை மாற்றிவிடுவதுதான் அவர் வேலை. மாறும்போது சில விநாடி சத்தமே இருக்காது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துப் பையன் வைத்துவிட்டான். மறுபடி அழைத்து, மறுபடி முதலிலிருந்து. அந்த அமைதியில் வைக்காதீர்கள், காத்திருங்கள். இரண்டாவதாகப் பேசுபவர் எல்லாவற்றையும் திரும்பக் கேட்பார். 'இப்பதானே சொன்னேன்' என்று எரிச்சல்பட்டால் போவது நம் நேரம்தான்.

அடுத்தது முகவரி. இதைப் பினாங்குக்காரர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இங்கே ஒரே பெயருக்கு முன்னால் ஜாலான், லோரோங், லெபோ, லிந்தாங், சோலோக், திங்காட் என்று வெவ்வேறு முன்னொட்டு வரும் பல தெருக்கள் உண்டு. ஜாலான் பாயா தெருபோங் ஒன்று, லிந்தாங் பாயா தெருபோங் வேறு, திங்காட் பாயா தெருபோங் வேறு. பிந்தைய இரண்டுக்கும் பின்னால் எண்ணும் வரும். போதாததற்கு மலாயில் 'திங்காட்' என்றால் மாடி, 'தீகா' என்றால் மூன்று. பையன் 'பாயா தெருபோங், திங்காட் தீகா' என்றான். அவன் சொன்னது தெருவை. கேட்டவருக்கு மூன்றாவது மாடி என்று பட்டிருக்கிறது. வண்டி லிந்தாங் பக்கம் போய்ச் சுற்றியது.

சொல்ல வேண்டிய வரிசை இது: முதலில் 'பூலாவ் பினாங்' என்று மாநிலம், பிறகு வட்டாரம், பிறகு முன்னொட்டோடு முழுத் தெருப்பெயர், அடுக்குமாடியின் பெயர், புளோக், மாடி, வீட்டு எண், கடைசியாக எதிரே இருக்கும் பெட்ரோல் நிலையமோ பள்ளியோ கோயிலோ. தெருவில் திங்காட் வந்தால் 'நாமா ஜாலான், திங்காட் பாயா தெருபோங் தீகா' என்று பிரித்துச் சொல்லுங்கள் ('நாமா ஜாலான்' என்றால் தெருவின் பெயர்). மாடியைத் தனி வாக்கியமாக வையுங்கள். சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், பத்து விநாடிதான் ஆகும்.

நம் ஆட்கள் வழக்கில் சொல்லும் பெயர்களும் இங்கே உதவாது. 'தண்ணீர்மலைக்குக் கீழே' என்றால் நமக்குப் புரியும், அங்கே எடுப்பவருக்கு ஜாலான் கெபுன் பூங்கா என்றால்தான் தெரியும். கிரீன் லேன் என்று ஐம்பது வருடமாகச் சொல்லலாம், பலகையில் இருப்பது ஜாலான் மஸ்ஜிட் நெகிரி. கைப்பேசியில் அழைப்பதால் இடம் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பியும் இருக்க வேண்டாம். கைப்பேசிக் கோபுரத்தை வைத்துக் கணிக்கும் இடம் ஒரு வட்டாரத்தைக் காட்டும், ஒன்பதாவது மாடியைக் காட்டாது.

எனக்கு ரொம்ப வலித்தது மூன்றாவது தவறு. லைனை வைத்த அடுத்த நொடி, அதே கைப்பேசியிலிருந்து பையன் மாமாவுக்கும் சித்திக்கும் அழைக்க ஆரம்பித்தான். வழி தெரியாமல் வண்டியிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு பிஸி டோன்தான் கேட்டிருக்கிறது. நடுவில் ஒரு முறை மணி அடித்தது, தெரியாத எண் என்று அவனே துண்டித்தான். ஸ்கேமர் தொல்லையால் எல்லோருக்கும் வந்துவிட்ட பழக்கம் அது. 999 அழைத்த கைப்பேசி அதற்குப் பிறகு ஆம்புலன்சுக்கு மட்டும்தான். எந்த எண் வந்தாலும் எடுங்கள். ஆள் தெரியாதவர்களின் அழைப்பை ஒலிக்காமல் தடுக்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தால் அப்போதே அணைத்துவிடுங்கள். பேட்டரி குறைவாக இருந்தால் சார்ஜில் போடுங்கள். உறவினருக்குச் சொல்ல வேறு கைப்பேசி எடுங்கள்.

அடுத்து வந்த அழைப்பை எடுத்து நான் பேசினேன். வாட்ஸ்அப்பில் லோகேஷன் கேட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து அனுப்பினேன், புள்ளி பக்கத்து புளோக்கில் விழுந்தது. கான்கிரீட் கூரைக்கு அடியில் ஜிபிஎஸ் அப்படித்தான் தடுமாறும். கீழே வெட்டவெளிக்கு ஓடிப்போய் மறுபடி அனுப்பியதும் சரியானது. ஒன்று தெளிவாக இருக்கட்டும்: அவர்கள் கேட்டால் அனுப்புவது வேறு, அழைப்புக்குப் பதிலாக யாருக்காவது செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வேறு. காது கேளாதவர், பேச இயலாதவர் வீட்டில் இருந்தால் பேசாமலே 999 உதவி கேட்க 'சேவ்மீ 999' செயலியை இன்றே இறக்கிப் பதிவு செய்து வையுங்கள். அவசரத்தில் உட்கார்ந்து பதிவு செய்ய முடியாது.

எஸ்எம்எஸ் உதவியது இன்னொரு விஷயத்துக்கு. கீழ்த்தளத்து அண்ணனுக்கு 'புளோக் வாசலில் நிற்கும் வெள்ளைக் கார் யாருடையது, எடுக்கச் சொல்லுங்கள், லிஃப்டைப் பிடித்து வையுங்கள்' என்று அனுப்பினேன். வாசலில் இரட்டை வரிசையாகக் கார் நிறுத்துவது எல்லா அடுக்குமாடியிலும் உள்ள நோய். அதற்குள் ஜாகா (வாசல் காவலாளி), ஆம்புலன்ஸ் வண்டியைத் தடுப்புக் கம்பத்தில் நிறுத்தி வீட்டு எண் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் தெருமுனை, ஒருவர் ஜாகா கொட்டகை, ஒருவர் லிஃப்ட். மூன்று பேரை வண்டி வருமுன்னே நிறுத்துங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பதற்றத்தில் மலாய் வராதவர்களுக்கு நான்கு சொற்றொடர் போதும்: 'தாக் செடார்' நினைவில்லை, 'செசாக் நாபாஸ்' மூச்சுத் திணறல், 'சாக்கிட் டாடா' நெஞ்சுவலி, 'ஸ்ட்ரோக்' பக்கவாதம். மூச்சு இருக்கிறதா என்பதை அவர்கள் கேட்குமுன்பே சொல்லுங்கள். மூச்சில்லை என்றால் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்குங்கள்.

பக்கவாதத்தில் கடிகாரம்தான் முக்கியம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் நாம் பார்த்ததிலிருந்து ஓடுவதில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்ததிலிருந்து ஓடுகிறது. பாட்டி சன் டிவி பார்த்துக்கொண்டே பேசியது 7.10-க்கு என்று பேத்தி சொன்னதை நான் கையில் எழுதிக்கொண்டேன். அன்று நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஒரு அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார், தடுத்துவிட்டோம். வாய் கோணியவருக்குத் தண்ணீரோ மாத்திரையோ கொடுத்தால் மூச்சுக்குழலில் போய்விடும்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தில் விபத்தைப் பார்த்து அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் பாலம் 13.5 கி.மீ. நீளம். தீவுப் பக்கம் போகும் தடமா, பெருநிலப் பக்கம் போகும் தடமா என்று சொல்லாவிட்டால் வண்டி மறுகரை வரை போய்த் திரும்ப வேண்டும். ஓரத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி பழுது மட்டும்தான் என்றால் நெடுஞ்சாலை உதவி எண்ணான பிளஸ்லைன் 1800-88-0000 இருக்கிறது, 999 வேண்டாம்.

கைப்பேசி பூட்டியிருந்தாலும் திரையில் உள்ள அவசர அழைப்புப் பொத்தான் வேலை செய்யும். 112 அழுத்தினாலும் 999-க்கே போகும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு கிளம்பிவிடும். குழந்தை கை பட்டுப் போய்விட்டால் பயந்து துண்டிக்காதீர்கள். தவறுதலாக வந்தது என்று சொல்லிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் திருப்பி அழைத்துப் பார்க்க நேரிடும்.

ஆம்புலன்ஸ் ஏறும்போது மைகார்டு (அடையாள அட்டை), மருந்துப் பை, கிளினிக் கார்டு மூன்றும் கையில் இருக்கட்டும். அரசு ஆம்புலன்ஸ் நாம் கேட்கும் தனியார் மருத்துவமனைக்குப் போகாது, அதில் வாதாட வேண்டாம். பாட்டிக்கு 9 மணிக்குள் ஸ்கேன் முடிந்தது. இப்போது வலது கையால் டம்ளர் பிடிக்கிறார். எங்கள் மாடியில் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் முழு முகவரியை மலாயில் பெரிய எழுத்தில் ஒட்டியாயிற்று. 'நாமா ஜாலான்' என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு.