கொறங்காட்டு வரைபடம்: நாட்குறிப்பு

பிப்ரவரி 11

மாடு, ஆடு மேய்வதற்கென்றே வேலி போட்டு வைத்திருக்கும் எங்கள் கொறங்காடுகளில் ஒன்றான மேக்காட்டில் பூனைப்பருந்து. ஆண். வேலிக்குக் கொஞ்சம் மேலே, தலையைக் கவிழ்த்துப் புல்லையே பார்த்துக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பறந்தது. இறக்கையின் மேல்பக்கம் கறுப்புக் கோடு இல்லை. நுனியில் மட்டும் ஆப்பு வடிவத்தில் கறுப்பு. வெளிர் பூனைப்பருந்துதான். மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, மூலனூர் பக்கத்து வெட்டுக்கிளியையும் சின்னக் குருவியையும் தின்று குளிர்காலத்தைக் கழிக்கிறது. பங்குனியில் கிளம்பிவிடும். அதற்குள் வரைபடத்துக்காக எல்லாக் காட்டிலும் ஒரு சுற்றாவது நடந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 13

இந்த வெயிலில் செயற்கைக்கோள் படம் எதையும் பிரித்துச் சொல்வதில்லை. சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். கொழுக்கட்டைப்புல் காய்ந்து நிற்கும் கொறங்காடும், சோளம் அறுத்துவிட்டுச் சும்மா போட்ட காடும் அதில் ஒரே பழுப்பு. அதனால் ஒரு நாள் படத்தை விட்டுவிட்டு, வருஷம் முழுக்க எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். உழுகிற காடு ஐப்பசிக்கு முன்னால் வெறும் மண்ணாக இருக்கும், அப்புறம் ஒரேயடியாகப் பச்சையாகும், அறுத்ததும் மொட்டையாகும். கொறங்காடு அப்படி இல்லை. மழை பெய்த வாரமே பச்சை ஏறும். பிறகு மாடு மேய்கிற வேகத்தில் மெதுவாக மஞ்சளாகும். அந்த மெதுவில்தான் அடையாளம் இருக்கிறது.

ஆய்வாளர்கள் மதுசூதனும் அபி வனக்கும் 2022இல் வெளியிட்ட ஆய்வும் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்ததுதான். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படித் திறந்து கிடக்கும் புல்வெளியும் புதர்வெளியும். அதில் 5 விழுக்காடுகூடச் சரணாலயங்களுக்குள் இல்லை. மீதியெல்லாம் யாருடைய கையில் இருக்கிறது? எங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களுடைய கையில்.

பிப்ரவரி 14

தாத்தாவுக்கு, எங்கள் அப்பாருக்கு, மூச்சு வாங்குகிறது. ஈரோட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

பிப்ரவரி 19

நுரையீரலில் நீர். எடுத்திருக்கிறார்கள். வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலி வரைந்துகொண்டிருந்தேன், வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோலார் கம்பெனிக்காரர்கள் மறுபடி பேசினார்கள் என்றார். நான் நிமிரவில்லை. "நாலு காட்டையும் சேத்துக் கேக்குறாங்க அம்மணி. இந்த ஆஸ்பத்திரிச் செலவு எங்கிருந்து வரும், சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்பாரு கண் முழித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டது: "மேக்காட்ல மாடு உட்டு எத்தன நாளாச்சு கண்ணு?"

பிப்ரவரி 20

அதைத்தான் வரைபடத்தில் போட வேண்டும். ஒவ்வொரு காட்டுக்கும் கடைசியாக மாடு விட்டு எத்தனை நாள் ஆனது என்று. பறவைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் புள்ளி வைத்தால், அடுத்த மாதமே அது பழைய கணக்கு. ஆடு ஒட்ட மேய்ந்த காட்டில் வானம்பாடியும் ஆள்காட்டியும். முழங்கால் உயரம் புல் நிற்கும் காட்டில் கவுதாரி, காடை. பூனைப்பருந்து ராத்திரி தங்குவதும் அந்த உயரப் புல்லில், தரையில்தான். ஒரு காட்டை மேய விட்டு, இன்னொன்றை அடைத்து வைத்து, மாற்றி மாற்றி எங்கள் ஆட்கள் செய்துவந்த மேய்ச்சலால்தான் இத்தனையும் வேலிக்கு வேலி பக்கத்திலேயே கிடைக்கிறது. எந்த வனத்துறைத் திட்டமும் இதைச் செய்யவில்லை.

மார்ச் 3

வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதை முழுக்க நடந்தேன். இரண்டு பக்கமும் முள்கிளுவை, இலை ஒன்றுகூட இல்லை. இந்த நேரத்தில் வேலி வெறும் குச்சி, படத்தில் தெரியாது. மழைக்கு அப்புறம் நாலு நாளில் பச்சையாகிவிடும், அப்போது எடுத்த படத்தில்தான் கோடு கோடாகத் தெரியும். இப்போதைக்கு ஜிபிஎஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் வழி.

கிளுவையின் அடியில் கீரி. ஒரு முயல். பாம்புச் சட்டை ஒன்று, முள்ளில் மாட்டி, தலைப்பக்கம் மட்டும் கிழிந்து. வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே போகச் சொல்கிறார்கள்?

மார்ச் 9

கீழ்காட்டு அக்காவின் பட்டியில் நாய்கள் புகுந்துவிட்டன. ஏழு ஆடு. இரண்டு சினை. கழுத்தில் மட்டும் கடித்துவிட்டு விட்டுப்போயிருக்கின்றன, தின்னக்கூட இல்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் எல்லா ஊரிலும் இதே கதை. இழப்பீடு கேட்டுச் செத்த ஆட்டை ரோட்டில் போட்டு மறியல் செய்து பார்த்துவிட்டார்கள். அக்கா அழவில்லை. "மிச்சத்த வித்தர்றேன் சாமி" என்றார்.

ஆடு போனால் அந்தக் காடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருக்கிறது, சொந்தக்காரர் ஊரை விட்டுப்போய்ப் பூட்டிவைத்த காடு. ஒரு மேய்ச்சலும் இல்லாமல் விட்டதில் சீமைக்கருவேலம் ஏறி, உள்ளே நுழைய முடியவில்லை. வானம்பாடி ஒன்றுகூட இல்லை. நிலத்தைத் தொடாமல் விட்டாலே காப்பாற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்களை அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

மார்ச் 10

தூக்கம் இல்லை.

மார்ச் 22

கல்குருவி! பாறைக்காட்டில், மாடு ஒட்ட மேய்ந்த மேட்டில். நான் வருவதைப் பார்த்து எழுந்து குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, நிமிர்ந்து பார்த்து, மறுபடி ஓடியது. நெஞ்சு செங்காவி. கண் வழியாகக் கறுப்புக் கோடு, அதற்கு மேலே வெள்ளைக் கோடு, இரண்டும் பின்கழுத்தில் போய்ச் சேர்கின்றன. அது எழுந்த இடத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே போனேன். கூடு என்று ஒன்றும் கிடையாது. மண்ணில் லேசாக ஒரு குழி, சுற்றி ஆட்டுப் புழுக்கை, நடுவில் இரண்டு முட்டை. வெளிறிய மண் நிறத்தில் கறுப்புத் தீற்றல். ஓர் அடி தள்ளி நின்று பார்த்தும் புழுக்கைக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரிய நேரம் பிடித்தது.

உடனே விலகி வந்துவிட்டேன். இந்த வெயிலில் அது எழுந்து போனால் முட்டை வெந்துவிடும்.

சோலார் கம்பெனி முதலில் கேட்பது பாறைக்காட்டை. மேடு, மரம் குறைவு, ரோட்டுக்குப் பக்கம்.

மார்ச் 23

தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 27

அப்பாருவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. திண்ணையில்தான் படுப்பேன் என்று பிடிவாதம். கல்குருவியைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். கேட்டதா தெரியவில்லை.

ஏப்ரல் 2

உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். 2002ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர் பதிவேடு ஒன்று வைத்திருக்க வேண்டும். அதில் நம் ஊர்க் கொறங்காட்டைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பட்டா நிலமாச்சுங்களே?" என்றார்.

ஆமாம், பட்டா நிலம்தான். காடு என்று வனத்துறை சொல்லாது, வருவாய்த்துறையின் அடங்கல் கணக்கில் எங்கள் மேக்காடு தரிசு. சோலார் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் தேவையில்லை, 2006 அறிவிக்கையின் கீழ் அது வராது. யாருமே ஒரு முறைகூட நடந்து பார்க்காமல் இந்த மேடு முழுக்கக் கண்ணாடி போட்டு மூடிவிடலாம். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கிணறு வற்றிப்போய்த் தென்னை மொட்டையாக நிற்கும் தோப்புகள் இந்த வட்டாரத்தில் நிறையவே இருக்கின்றன. வரைபடத்தில் அவற்றைத் தனி நிறத்தில் போட்டிருக்கிறேன். ஏற்கெனவே உழுது, உரம் போட்டு, இப்போது கைவிட்ட நிலம். போடுவதானால் அங்கே போடட்டும். அந்த நிறம் மேய்ச்சல் காடு அளவுக்கு இருக்கிறது. இதைப் பெரியப்பாவிடம் காட்டினால் புரிந்துகொள்வார். ஆனால் தோப்பு எங்களுடையது இல்லை, பணம் எங்களுக்கு வராது.

ஏப்ரல் 10

குழி காலி. முட்டை இல்லை, ஓடும் இல்லை. பொரித்திருந்தால் குஞ்சு உடனே நடந்து போயிருக்கும், அந்த இனம் அப்படித்தான். நாய் என்றால்? மண்ணில் தடம் தேடினேன். ஆட்டுக் குளம்பு, என் செருப்பு, இன்னும் ஏதோ. காற்று எல்லாவற்றையும் கலைத்திருக்கிறது.

ஏப்ரல் 11

மறுபடி போனேன். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 12

சாயங்காலமும் போனேன். அம்மா, அப்பாரு பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரக்கூடாதா என்று கேட்டாள். உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 25

பெரியப்பா மயிலை மாட்டு ஜோடியை விற்கக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாராம். அப்பாருவிடம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மணிச் சத்தம் கேட்கவில்லை என்றால் அவருக்கே தெரிந்துவிடும்.

வரைபடத்தில் மேக்காட்டுக்கு எதிரே "மாடு விட்ட நாள்" என்ற கட்டம் இனி எப்படி நிரம்பும்? கீழ்காட்டு அக்காவிடம் மிச்சம் இருக்கும் ஆடுகளை எங்கள் காட்டில் மேய விடலாமா என்று யோசிக்கிறேன். பட்டியை எங்கள் வீட்டுக்குப் பக்கமாக மாற்றினால் நாய்த் தொல்லை கொஞ்சம் குறையும். அவருக்கு வாடகை இல்லாத மேய்ச்சல், காட்டுக்கு ஆடு. பெரியப்பா ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 26

கேட்டேன். "மொதல்ல சந்தைக்குப் போயிட்டு வரேன் அம்மணி" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

மே 5

நேற்று ராத்திரி மழை. நல்ல மழை, ஒன்றரை மணி நேரம். காலையில் வாசலில் ஈசல் இறகு.

மே 9

வேலி பச்சை! மேகம் விலகி இன்று ஒரு படம் கிடைத்தது. நான் நடந்து வரைந்த கோட்டின் மேல் அப்படியே உட்காருகிறது, இட்டேரி வளைகிற இடம் உட்பட. நடக்காமல் விட்ட வடக்குக் காடுகளையும் இனி படத்தைப் பார்த்தே வரைந்துவிடலாம். நரிப்பயறு கொடி விட்டிருக்கிறது. அப்பாரு சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார்.

பாறைக்காட்டில் கல்குருவி இரண்டு. பெரியவை. குஞ்சு இருக்கிறதா பார்க்க முடியவில்லை, புல் அதற்குள் எழுந்துவிட்டது. இந்த வாரமே ஆட்டை விடாவிட்டால் இன்னும் உயரும், அவை வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

மே 11

கம்பெனியிலிருந்து நாளைக் காலை அளக்க வருகிறார்களாம். "சும்மா அளந்து பாக்கட்டும், கையெழுத்து ஒண்ணும் போடல" என்று பெரியப்பா சொல்கிறார். வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுக்க வெள்ளகோவிலில் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அக்காவிடம் சொல்லிவிட்டேன், விடிந்ததும் ஆட்டைப் பாறைக்காட்டுக்கு ஓட்டி வரச்சொல்லி. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது போய்ச் சொல்ல வேண்டும்.