காசிமேட்டில் எழுதிய அத்தியாயம்

இறையியல் முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை இன்று முடித்துவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவப் பெண்கள் எப்படி ஜெபிக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு.

விடியற்காலை நாலரை மணி, சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீன் விற்கும் அக்கா ஒருவர் போணிக் காசை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, செதில் ஒட்டிய விரலாலேயே சிலுவை போட்டார்.

"தடைக்காலத்துல என்னக்கா வேண்டிப்பீங்க?"

"என்னத்த வேண்டறது தம்பி? மாதா முன்னாடி சும்மா உக்காந்துருப்பேன். அவங்களுக்குத் தெரியாதா?"

துயரத்தைக் கடவுளிடம் கொட்டும் பைபிள் பாடல்களான புலம்பல் சங்கீதங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அந்தச் சங்கீதங்களில் வார்த்தை உண்டு, கேள்வி உண்டு, கோபமும் உண்டு. இந்த அக்காவிடம் இருந்தது வெறும் மௌனம். அதுவும் ஜெபம்தான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அவர் பேச்சை இலக்கணத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

அடுத்து திருவொற்றியூர் குப்பங்கள்.